ஸ்கேனுக்குச் சிக்காத நரம்பு

சித்தூரிலிருந்து வேலூருக்குப் புறப்படும் காலை நேரப் பஸ்களில் பெரிய பிளாஸ்டிக் கவர்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். கவருக்குள் எக்ஸ்ரே படங்கள், ஸ்கேன் அறிக்கைகள், நான்கைந்து டாக்டர்களின் மருந்துச் சீட்டுகள். திருப்பதியில் ஸ்விம்ஸ் ஆஸ்பத்திரி வாசலிலும் அதே கவர், அதே காத்திருப்பு. சிலருடைய அறிக்கைகள் ஒரே குரலில் பேசும்: சிறுநீரகத்தில் கல் இல்லை, முதுகெலும்பில் சொல்லும்படியான கோளாறு இல்லை, கர்ப்பப்பை நன்றாகவே இருக்கிறது. எல்லாம் நார்மல். வலி மட்டும் நார்மலாக இல்லை.

இப்படி அலைபவர்கள் அனைவருக்கும் ஒரே நோய் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்களில் ஒரு பகுதியினரின் துன்பத்துக்குக் காரணம் சணல் கயிற்றைவிட மெல்லிய ஒரு நரம்பு. இடுப்பின் பின்புறத்தில் புறப்பட்டு, விலாவுக்குக் கீழே சுற்றி வந்து, தொடையிடுக்கில் முடிகிற நரம்பு. பெயர் இலியோ இங்குவினல். சாதாரண ஸ்கேனில் இது கண்ணுக்குத் தெரிவதில்லை. இதைக் கண்டுபிடிக்க வேண்டிய கருவிகள் இரண்டுதான்: டாக்டரின் விரல், ஓர் ஊசி. இரண்டுமே மலிவானவை. அதனால்தானோ என்னவோ, இவற்றின் முறை பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது.

குழப்பம் மொழியிலேயே தொடங்கிவிடுகிறது. தமிழில் நரம்பு என்ற சொல்லுக்கு வேலை அதிகம். முதலில் அது யாழின் தந்தி. அன்றாடப் பேச்சில் கையில் புடைத்துத் தெரியும் ரத்தக் குழாயும் நரம்புதான். கெண்டைக்கால் சதை இழுத்துக்கொண்டாலும் 'நரம்பு இழுத்துவிட்டது' என்போம். தெலுங்கிலும் இதே கதை. அங்கே 'நரம்' பிடித்துக்கொள்ளும். இரண்டு மொழியும் புழங்கும் சித்தூர், நகரி, புத்தூர் பகுதிகளில் ஒருவர் டாக்டரிடம் 'நரம்பு வலி' என்று சொன்னால், அது சதைப்பிடிப்பாகவும் இருக்கலாம், ரத்தக்குழாய்க் கோளாறாகவும் இருக்கலாம். உண்மையிலேயே நரம்பாக இருந்தால் அது தற்செயல்.

இடத்தைச் சொல்வதிலும் தடை. தொடையிடுக்கு என்று வாய்விட்டுச் சொல்ல ஆண்களுக்கே கூச்சம். 'இடுப்பு வலி' என்று மேலே ஏற்றிவிடுவார்கள். பெண்கள் 'அடிவயிறு' என்பார்கள். இடுப்பு என்றால் எலும்பு டாக்டர், அடிவயிறு என்றால் மகப்பேறு டாக்டர். நோயாளி எந்தக் கதவைத் தட்டுவார் என்பதை நோய் தீர்மானிப்பதில்லை. அவர் எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தார் என்பது தீர்மானிக்கிறது.

நரம்பு செல்லும் பாதையைத் தெரிந்துகொண்டால் குழப்பத்தின் காரணம் புரியும். விலா எலும்புகள் முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தில், முதுகெலும்பின் முதல் இடுப்புக் கண்ணியை ஒட்டி இந்த நரம்பு வெளியே வருகிறது. சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதிக்குப் பின்னால் செல்கிறது. பிறகு இடுப்பெலும்பின் விளிம்பை ஒட்டி, வயிற்றுச் சுவரின் சதை அடுக்குகளைத் துளைத்து, அவற்றின் இடையில் முன்புறம் வருகிறது. கடைசியில் ஹெர்னியா எந்த வழியாக இறங்குகிறதோ அதே கால்வாயின் வழியாக வெளியேறுகிறது. தொடையின் மேல் உட்புறம், ஆண்களுக்கு ஆணுறுப்பின் அடிப்பகுதியும் விதைப்பையின் மேல்தோலும், பெண்களுக்குப் பிறப்புறுப்பின் வெளிப்புறம் - இந்தத் தோல் பரப்பின் தொடு உணர்ச்சியை மூளைக்குச் சொல்வதுதான் இதன் முக்கிய வேலை. காலை அசைப்பதில் இதற்குப் பங்கில்லை. எனவே கால் பலமிழந்து போனால் குற்றவாளி வேறு யாரோ.

இது தனித்துச் செல்லும் நரம்பும் அல்ல. சற்று மேலே ஒரு சகோதர நரம்பு அடிவயிற்றின் தோலுக்கும், சற்றுக் கீழே இன்னொன்று விதைப்பைக்கும் தொடையின் முன்புறத்துக்கும் செல்கின்றன. மூன்றின் எல்லைகளும் ஆளுக்கு ஆள் மாறும். ஒன்றின் பரப்பில் மற்றொன்று நுழையும். அதனால் எந்த நரம்பு என்று அனுபவமுள்ள டாக்டர்களே சில சமயம் தடுமாறுவதில் ஆச்சரியமில்லை.

கல் என்ற சந்தேகம் எழுவதற்கும் நியாயம் இருக்கிறது. சிறுநீர்க் குழாயில் கல் இறங்கும்போது ஏற்படும் வலி விலாவிலிருந்து தொடையிடுக்குக்குப் பாயும். அந்தச் செய்தியும் ஏறக்குறைய இதே தண்டுவடப் பகுதி வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. மூளைக்கு இரண்டையும் பிரித்தறிவது கடினம். ஆனால் நடத்தையில் வேறுபாடு உண்டு. கல் வலி அலையலையாக வந்து ஆளை உருட்டும். எப்படிப் படுத்தாலும் நிம்மதி தராது. நரம்பு வலி எரியும், அல்லது மின்சாரம் தாக்கியதுபோல் சுரீரென்று வெட்டும். நிமிர்ந்து நின்றால், காலைப் பின்னால் நீட்டினால் அதிகமாகும். முன்னால் குனிந்தால், தொடையை மடக்கிப் படுத்தால் குறையும். சிலருக்கு அந்த இடத்துத் தோல் மரத்திருக்கும். வேறு சிலருக்கு உள்ளாடை உரசினாலே தாங்காது.

நரம்பு எப்படிக் கெடுகிறது? தானாகவே சதைகளுக்கு இடையில் நசுங்குவது உண்டு. ஆனால் பெரும்பாலும் காரணம் பழைய வடு. ஹெர்னியா, குடல்வால், சிசேரியன் - அடிவயிற்றில் கத்தி பட்ட ஆபரேஷன்களின் பட்டியல் இது. தையலில் நரம்பு சிக்கலாம்; வெட்டுப்படலாம்; பல மாதம் கழித்து வடு இறுகும்போது அதற்குள் மாட்டிக்கொள்ளலாம்.

முதலில் ஹெர்னியா. சித்தூர் மாவட்டத்தில் மாம்பழக் காலம் வந்தால் பெட்டி ஏற்றி இறக்கும் கைகளுக்கு ஓய்வில்லை. வெல்லம் காய்ச்சும் இடங்களிலும் கிரானைட் குவாரிகளிலும் பாரம் தூக்கித்தான் பிழைப்பு. ஹெர்னியாவுக்குப் பாரம் மட்டுமே காரணமல்ல; பிறவியிலேயே அமைந்த சதைப் பலவீனம், முதுமை, நாட்பட்ட இருமல், மலச்சிக்கல் எல்லாம் சேர்ந்தே குடலைக் கீழே தள்ளுகின்றன. தன் வாழ்நாளில் ஓர் ஆணுக்குத் தொடையிடுக்கு ஹெர்னியா வரும் வாய்ப்பு சுமார் 27 சதவிகிதம். பெண்ணுக்கு 3 சதவிகிதம். உலகம் முழுவதும் ஆண்டுக்கு இரண்டு கோடிக்கும் அதிகமான ஆபரேஷன்கள் நடக்கின்றன.

இத்தாலியின் பாசினி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சதைகளை அடுக்கடுக்காகத் தைக்கும் முறையை வகுத்தார். 1980களில் லாஸ் ஏஞ்சலிஸில் லிக்டன்ஸ்டைன், சதையை இழுத்துத் தைக்காமல் மெல்லிய வலைத்துணியை வைத்து மூடும் முறையைப் பிரபலமாக்கினார். ஹெர்னியா திரும்ப வருவது வெகுவாகக் குறைந்தது. வலி மட்டும் முழுமையாக ஒழியவில்லை. 2018இல் வெளியான சர்வதேச ஹெர்னியா வழிகாட்டுதலின் கணக்குப்படி, ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 10 முதல் 12 சதவிகிதம் பேருக்கு அன்றாட வாழ்க்கையைத் தொந்தரவு செய்யும் வலி மூன்று மாதங்களுக்குப் பிறகும் நீடிக்கிறது. பலருக்குக் காலப்போக்கில் அது தணிந்துவிடும். வேலை செய்யவே முடியாமல் முடங்குபவர்கள் குறைவு. ஆனால் கூலி வேலையை நம்பியிருக்கும் குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்தாலே போதும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. தொடையிடுக்கு நரம்பு சிக்கிக்கொள்வதால் வரும் எரிச்சல் வலியைப் பற்றி 1942இலேயே கனடா மருத்துவ இதழில் கட்டுரை வந்துவிட்டது. ஹெர்னியா ஆபரேஷனின்போது அந்தப் பகுதியின் மூன்று நரம்புகளையும் தேடி அடையாளம் கண்டு காப்பாற்ற வேண்டும் என்று இன்றைய வழிகாட்டுதல்கள் வலியுறுத்துகின்றன. அவசர அவசரமாக முடிக்கப்படும் ஆபரேஷனில் முதலில் பலியாவது இந்தத் தேடல்தான்.

பெண்கள் விஷயத்தில் பிரச்சினை இன்னும் பெரிது. பேசப்படுவது இன்னும் குறைவு. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஆந்திரத்தில் நூறு பிரசவங்களில் 42 சிசேரியன். தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட 45. தேசிய சராசரி 21.5தான். பிகினி வெட்டு என்று சொல்லப்படும் குறுக்கு வெட்டின் இரு ஓரங்களும் இந்த நரம்புகள் செல்லும் பாதையை நெருங்குகின்றன. வெட்டு எவ்வளவு அகலமோ அவ்வளவு ஆபத்து. நெதர்லாந்தில் இத்தகைய வெட்டு போடப்பட்ட பெண்களிடம் நடத்தி 2008இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வடுவில் வலி நீடித்தது தெரிந்தது. கடுமையான வலி இருந்தது சிலருக்குத்தான். ஆனால் அப்படிப்பட்டவர்களைச் சோதித்தபோது, அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நரம்பு சிக்கியிருந்தது.

சிசேரியனுக்குப் பிறகு அடிவயிற்றின் ஓர் ஓரத்தில் வலிக்கிறது என்று சொல்லும் பெண்ணுக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் என்ன? 'முதுகில் ஊசி போட்டார்கள் அல்லவா, அதனால்தான்' என்பார் மாமியார். 'வெயிட் தூக்காதே' என்பார்கள் அக்கம்பக்கத்தார். சில ஆண்டுகள் கழித்துச் சந்தேகம் கர்ப்பப்பையின் மீது விழும். அதே கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுக்குள் கர்ப்பப்பை அகற்றப்பட்ட பெண்கள் தேசிய அளவில் சுமார் மூன்று சதவிகிதம். ஆந்திரத்தில் ஏறக்குறைய ஒன்பது சதவிகிதம். நாட்டிலேயே முதல் வரிசை. கர்ப்பப்பையை எடுக்கப் பல காரணங்கள் உண்டு. அத்தனையும் தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வலி இருப்பது வயிற்றுச் சுவரில் என்றால், உள்ளே இருக்கும் உறுப்பை எடுத்து என்ன பயன்? கர்ப்பப்பை போன பிறகும் வலி அதே இடத்தில் இருக்கும். வடு ஒன்று கூடியிருக்கும்.

வலி சுவரிலா, சுவருக்கு உள்ளேயா என்று அறிவதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. பிலடெல்பியாவைச் சேர்ந்த கார்னெட் என்ற அறுவை மருத்துவர் 1926இல் எழுதியது. நோயாளி மல்லாந்து படுக்க வேண்டும். அதிகமாக வலிக்கும் இடத்தை டாக்டர் விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். நோயாளி கையை ஊன்றாமல் தலையையும் தோளையும் தூக்க வேண்டும். வயிற்றுச் சதை இறுகும். வலி உள்ளுறுப்பில் என்றால், இறுகிய சதை கேடயம்போல் காக்கும், வலி குறையும். சுவரில் என்றால் வலி அப்படியே இருக்கும் அல்லது கூடும். ஒரு நிமிட வேலை. மின்சாரம்கூடத் தேவையில்லை. இந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிட முடியாது என்றாலும், அடுத்து எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதை அது சொல்லிவிடும்.

அடுத்தது தோல். பஞ்சால் தடவி, மெதுவாகக் கிள்ளி, இரு பக்கமும் ஒப்பிட்டுப் பார்த்தால் மரத்துப்போன, அல்லது அளவுக்கு மீறிக் கூசுகிற பகுதி தெரியும். அதன் எல்லையைப் பேனாவால் வரைந்தால் நரம்பின் வரைபடம் கிடைத்துவிடும். கடைசியாக ஊசி. இடுப்பெலும்பின் முன்முனைக்கு அருகில், நரம்பு செல்லும் சதை அடுக்கில் மரப்பு மருந்தைச் செலுத்துவார்கள். இன்று இதை அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்துக்கொண்டே செய்யலாம். சில நிமிடங்களில் வலி மறைந்தால் ஏறக்குறைய ஆள் சிக்கியாயிற்று. மறையாவிட்டால் தேடலை வேறு பக்கம் திருப்ப வேண்டும். இரண்டுமே பயனுள்ள விடைகள்.

இதே ஊசி சிலருக்குச் சிகிச்சையாகவும் அமைந்துவிடுகிறது. மரப்பு மருந்துடன் ஸ்டீராய்டு சேர்த்துப் போடும்போது நிவாரணம் பல வாரங்கள் நீடிப்பது உண்டு. சாதாரண வலி மாத்திரைகள் நரம்பு வலிக்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை. அவற்றை மாதக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையும் சிறுநீரகமும்தான் கெடும். கபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்றவை வேறு வகை. நரம்பின் கூச்சலைத் தணிப்பவை. தூக்கமும் தலைசுற்றலும் வரக்கூடும் என்பதால் லாரி ஓட்டுபவர்களும் உயரத்தில் வேலை செய்பவர்களும் டாக்டரிடம் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். நன்றாகிவிட்டது என்று திடீரென்று நிறுத்துவதும் கூடாது.

எதற்கும் அடங்காதபோது கடைசி வழி, சிக்கிய நரம்பை வெட்டி எடுப்பது. லாஸ் ஏஞ்சலிஸில் லிக்டன்ஸ்டைனின் வழிவந்த பர்விஸ் அமித், மூன்று நரம்புகளையும் ஒரே ஆபரேஷனில் வெட்டும் முறையை 1990களிலிருந்து வளர்த்தார். பலருக்குப் பலன் கிடைக்கிறது. அதற்கு விலை, அந்த இடத்தில் நிரந்தர மரப்பு. எனவே ஊசியால் நரம்பை உறுதி செய்துகொள்ளாமல் இதற்குப் போவது விவேகமல்ல.

திருப்பதி-சித்தூர் வட்டாரத்துக்கு ஆஸ்பத்திரிப் பஞ்சம் இல்லை. திருமலை திருப்பதி தேவஸ்தானம் தொடங்கிய ஸ்விம்ஸ் 1993 முதல் செயல்படுகிறது. 1995இல் பல்கலைக்கழக அந்தஸ்து பெற்றது. அரசின் ருயா ஆஸ்பத்திரி இருக்கிறது. எலும்பு நோய்களுக்கென்று தேவஸ்தானத்தின் பர்ட் இருக்கிறது. எல்லை தாண்டினால் வேலூர் சி.எம்.சி.; ஜேக்கப் சாண்டி 1949இல் நாட்டின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கிய இடம். நடுவே, சென்னைச் சாலையில் உள்ள புத்தூரில் எலும்பு முறிவுக்குப் போடப்படும் மூலிகைக் கட்டின் புகழ் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. இடுப்பு வலிக்காரர்களும் அந்தக் கட்டை நாடுவது உண்டு. சதைக்குள் சிக்கிய நரம்பு எந்தக் கட்டுக்கும் அடங்காது.

இவ்வளவு இருந்தும் அலைச்சல் ஏன்? ஒரு காரணம், இந்த வலிக்கென்று தனித் துறை இல்லாதது. எலும்பு, சிறுநீரகம், மகப்பேறு, பொது அறுவை என்று நான்கு வாசல்களிலும் நோயாளி 'இது எங்களுடையது அல்ல' என்ற பதிலோடு திரும்பலாம். வலி நிவாரணத்தைக் கவனிப்பது பெரும்பாலும் மயக்க மருந்துத் துறை என்பது பலருக்குத் தெரியாது. இன்னொரு காரணம் பணம் பாயும் திசை. ஆந்திரத்தில் 2007இல் ஆரோக்கியஸ்ரீ வந்தது. தமிழ்நாட்டில் 2009இல் அரசு காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஏழைகளுக்குப் பெரிய ஆபரேஷன்களை எட்டச் செய்த சாதனை இவற்றுக்கு உண்டு. ஆனால் அடிப்படையில் இவை ஆஸ்பத்திரியில் படுத்துப் பெறும் சிகிச்சைக்கானவை. கால் மணி நேரம் பொறுமையாக விரலால் தடவிப் பார்ப்பதற்கு எந்தத் திட்டத்திலும் பெரிய தொகை கிடையாது.

அதற்காக, தொடையிடுக்கு வலி எல்லாவற்றையும் நரம்பின் தலையில் போட்டுவிடவும் கூடாது. இந்தியாவில் மறக்கக் கூடாத ஒன்று முதுகெலும்புக் காசநோய். அதன் சீழ் இடுப்புச் சதை வழியாகக் கீழிறங்கி, தொடையிடுக்கில் வீக்கமாக வெளிப்படக்கூடும். மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவில் அதிகரிக்கும் முதுகு வலி இருந்தால் தாமதம் வேண்டாம். இடுப்பு மூட்டின் தேய்மானமும் தொடையிடுக்கில்தான் வலிக்கும். ஹெர்னியா உள்ளே போகாமல் இறுகி வாந்தி வந்தாலோ, விதையில் திடீரென்று கடும் வலி வந்தாலோ, கல் வலியுடன் குளிர்காய்ச்சல் வந்தாலோ அன்றே, அந்த மணியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழந்தாலும், உட்காரும் இடம் மரத்துப்போனாலும் அப்படியே. ஸ்கேன்கள் தேவைப்படுவது இவற்றைக் கண்டுபிடிக்க. 'நார்மல்' என்ற அறிக்கை, இவை இல்லை என்று சொல்கிறது. வலியே இல்லை என்று சொல்லவில்லை.

ஆகவே அடுத்த முறை டாக்டரிடம் போகுமுன் ஒரு வெள்ளைத் தாளில் நான்கு வரிகள் எழுதிக்கொள்வது நல்லது. வலிக்கும் இடத்தை ஒரே விரலால் காட்ட முடிகிறதா, எங்கே? எரிகிறதா, வெட்டுகிறதா, மரத்திருக்கிறதா? எப்படி நின்றால், படுத்தால் குறைகிறது? அடிவயிற்றில் எப்போது, என்ன ஆபரேஷன் நடந்தது? இருபது வருடத்துக்கு முந்தைய குடல்வால் ஆபரேஷன் என்றாலும் எழுத வேண்டும். சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளை நீட்டிவிடலாம். மனைவியோ மகளோ உடன் போனால், கூட்டம் முந்தித் தள்ளும் புறநோயாளிப் பிரிவில் அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வலி வயிற்றுக்கு உள்ளேயா, வயிற்றுச் சுவரிலா? இன்னொரு ஸ்கேனுக்கோ, இன்னொரு ஆபரேஷனுக்கோ கையெழுத்துப் போடும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தாக வேண்டும்.